நிலைக்கடியில் ஒரு காது வளையம்

வாசல் நிலை வைத்த அன்று அங்கே இருந்தவர்கள் எட்டுப் பேர். அப்பா, அம்மா, அம்மாவின் அண்ணனான மாமா, மாமாவின் சம்சாரம் அத்தை, கட்கியிலிருந்து சைக்கிளில் வந்த ஆசாரி, மராட்டிக்காரக் கொத்தனார், அவருக்குச் சித்தாளாக இருந்த அவர் மனைவி, அப்புறம் நான். எனக்குப் பன்னிரண்டு வயசு. ஒரு நாயும் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை. எழுதிவிட்டு மறுபடி விரல்விட்டு எண்ணினேன். எட்டுதான்.

இதென்ன இவ்வளவு கணக்கு என்று கேட்பீர்கள். அன்றைக்கு அங்கே யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர், மாமாவும் நானும் என்று ஐம்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அது தப்பு என்று தெரிந்தது. அதிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. உங்களுக்கும் நம் வயசில் தூக்கம் இருக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

புனே போபோடியில் நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் வளர்ந்தவர்களுக்கு என் அப்பாவைச் சொல்ல வேண்டியதில்லை. மிலிட்டரி பாக்டரியில் பிட்டர். சங்கு ஊதுவதற்குக் கால் மணி முன்னாலேயே கேட்டில் நிற்கிற மனுஷர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே பயம், ரிட்டயர் ஆகிற அன்றைக்கே குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கே போவது என்பது. காஸை மூடினோமா என்று நான் இன்றைக்கும் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பதெல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான்.

மாமா ஒரு மிலிட்டரி காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்பாவைப் புனேவுக்கு அழைத்துவந்து வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அந்த வருஷம் மார்ச் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வந்தார்.

"மாப்ள, கடக்வாஸ்லா அணைக்கு அந்தாண்ட ஒரு பங்களா கீது. பம்பாய்க்காரன் லீவுக்கு வந்து தங்கறதுக்குக் கட்னது. பதினஞ்சு வருஷமா யாரும் வர்ல. ஓடெல்லாம் உழுந்து காடாக் கெடக்குது."

"நமக்கு எதுக்கு மச்சான் காடு?"

"விக்கறான்யா. தவணைல. நாம ரெண்டு பேரும் சேந்து எட்த்து சரி பண்ணா ஆளுக்குப் பாதி. லீவுக்கு வர்றவனுக்கு வாடகைக்கு வுடலாம். ரிட்டயர் ஆனா நீயே போய்க் குந்து. எவன் வந்து சாவி கேக்கப் போறான்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அப்பாவைச் சாய்த்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு போனோம். ரெண்டு பஸ், அப்புறம் நடை. காம்பவுண்டுச் சுவர் இருந்த இடமே தெரியவில்லை. உண்ணிச்செடி என் தலைக்கு மேலே வளர்ந்து கிடந்தது. அப்பா அரிவாளால் வெட்ட வெட்ட அந்த வாசனை, அது வாசனையா நாற்றமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, மூக்கில் ஏறிக்கொண்டது. பாம்பு இருக்குமோ என்று அப்பாவின் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடந்தேன். கருங்கல் சுவர் நாலு பக்கமும் நின்றது. கூரை பாதிக்கு மேல் இல்லை. உள்ளே வௌவால் எச்சம் கணுக்கால் வரை. குளிக்கிற அறையில் பீங்கான் தொட்டி ஒன்று, அதற்குள் ஒரு அரசங்கன்று முளைத்து, ஏதோ அதற்காகவே வாங்கிவைத்த தொட்டி மாதிரி இருந்தது. வராந்தாவில் ஒரு ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலி மட்டும் தொங்கியது. நான் பிடித்து ஆடிப் பார்த்தேன். "பாலீஷ் போட்டு எடுத்தாறேன் பாப்பா, உனக்கு இங்கயே மாட்டித் தர்றேன்" என்று மாமா அதைக் கழற்றிக்கொண்டு போனார். அதை நான் திரும்பப் பார்க்கவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

வேலை ஆரம்பித்தது. அப்பா பி.எஃப். லோன் போட்டார். சைக்கிளை விற்றார். மாமாவும் தன் பங்கைப் போடுவதாகச் சொன்னார். ஞாயிறு முழுக்க அப்பா அங்கேதான். பிறகு ஷிப்ட் முடிந்தும் போக ஆரம்பித்தார். பள்ளி லீவு விட்டதும் என்னையும் கூட்டிப்போனார்கள், காரணம் மொழி. வீட்டுக்குப் பக்கம் என்று என்னை மராட்டி முனிசிபாலிட்டி பள்ளியில் போட்டிருந்தார்கள். அதனால் குடும்பத்தில் மராட்டி எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொத்தனார் சொல்வதை அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், அப்பா சொல்வதைக் கொத்தனாருக்கு.

கொத்தனார் வாய் கொழுத்தவர். "உங்கப்பா பாக்டரியில் பீரங்கிக்கு அடிக்கிற மாதிரியே என் சுவருக்கும் சுத்தியல் போடுறார், தள்ளி நிக்கச் சொல்லு பொண்ணே" என்று மராட்டியில் சொல்வார்.

"இன்னா சொல்றான்?" என்பார் அப்பா.

"நல்லா வேலை செய்றீங்கன்னு சொல்றார்பா."

அப்பா முகம் மலர்ந்து இன்னும் பலமாக அடிப்பார். கொத்தனார் தலையில் கைவைத்துக்கொள்வார். யார் மனசும் நோகக் கூடாது என்று பாதியை விழுங்கிப் பாதியைச் சொல்லும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

நான் அப்போது ஏழாவது பாஸ். முனிசிபாலிட்டி பள்ளி ஏழாவதோடு முடிந்துவிடும். எட்டாவதுக்கு ஹைஸ்கூல், பீஸ் கட்ட வேண்டும். அதற்காக ஒரு பிஸ்கட் டப்பாவில் அப்பா பணம் சேர்த்து வைத்திருந்தார். அட்மிஷன், ரெண்டு செட் சீருடை, புத்தகம், செருப்பு எல்லாவற்றுக்குமாக எண்பத்தேழு ரூபாய். டப்பா சாமி அலமாரிக்கு மேலே இருந்தது. "வீட்டுக்கு எவ்ளோ முடை வந்தாலும் இத எவனும் தொடக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். நான் தினம் ஒரு தடவை முக்காலி போட்டு ஏறி எண்ணிவைப்பேன்.

மே மாசம் ஒரு நாள், அப்பா கிணற்றடியில் சாந்து கலக்கிக்கொண்டிருந்தபோது மாமா என்னை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார்.

"பாப்பா, நீதான் நம்ம வக்கீல். இதப் படி. ரெண்டாவது தவணை எப்ப குடுப்பான்னு எங்க எழுதிக்கீது, பாரு."

மாமாவுக்கு மராட்டி பேச வரும், படிக்க வராது. ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். நான் விரல் வைத்துப் படித்தேன். பம்பாய்க்காரரின் பங்களாவைப் பழுதுபார்த்துக் கொடுக்க மாமா ஒத்துக்கொண்ட காண்டிராக்ட் அது. மூன்று தவணையாக மாமாவுக்குப் பணம். முதல் தவணை கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது, வாசல் நிலை வைத்ததும். மூன்றாவது, ஓடு வேய்ந்து சாவியை ஒப்படைத்ததும்.

"நிலை வெச்சதும்னு இருக்கு மாமா."

"அப்டிப் போடு. அடுத்த வாரமே நிலையை வெச்சுடலாம்."

"மாமா, இதுல விக்கறதுன்னு எங்கயும் இல்லியே."

"அது வேற காகிதம்."

"அப்பா பேரும் இல்ல."

மாமா சுற்றிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்தார்.

"பாப்பா, உங்கப்பன் பயந்த ஆளு. இதச் சொன்னா பாதில நிறுத்திடுவான். போட்ட துட்டெல்லாம் மண்ணு. உன் எட்டாவதும் மண்ணு. அப்பால நான் பேசி விலைக்கு முடிக்கறேன், பக்கா. உங்கம்மாகிட்டயும் மூச்சு வுடாத. எட்டாவது இன்னா, மெட்ரிக் வரைக்கும் மாமா படிக்க வெக்கறேன். உன் தலைமேல சத்தியம்."

என் தலையில் கை வைத்தார். உள்ளங்கையில் சுண்ணாம்பு காய்ந்து சொரசொரவென்றிருந்தது. சத்தியம் மீறினால் செத்துப்போவது அவரா நானா என்ற சந்தேகம் எனக்கு. கேட்கவும் பயம். வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வயிற்றுவலி. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து நான் பால் வாங்கி வந்தபோது, ஜன்னல் கட்டையில் அந்தக் காகிதம் விரித்துக் கிடந்தது. பறக்காமல் இருக்க அதன்மேல் பித்தளை டம்ளர். என் கையிலிருந்த பால் சிந்திவிட்டது. மாமா எங்கள் வீட்டில் கழற்றிப்போட்டுப் போன சுண்ணாம்புச் சட்டையை அம்மா துவைக்க எடுத்திருக்கிறாள்.

"அண்ணன் பாக்கெட்ல இருந்துச்சு, கவனிக்காம நனைச்சுட்டேன். காஞ்சதும் மடிச்சு வெச்சுடு" என்றாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் மை பரவியிருந்தது. மடித்து வைத்தேன். நல்லவேளை, அம்மாவுக்கு மராட்டி படிக்கத் தெரியாது என்று நிம்மதி. கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் அம்மா ஹிந்திப் பரீட்சை எழுதித் தேறிய சர்டிபிகேட் ஒன்று கண்ணாடி போட்டு எங்கள் சுவரில் தொங்கியதை நீங்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அம்மா கடையில் வாய் திறந்து ஹிந்தி பேசி யாரும் கேட்டதில்லை. வெங்காயத்துக்கும் விரலைத்தான் காட்டுவாள். அந்தச் சர்டிபிகேட் எங்களுக்குப் பழைய காலண்டர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஹிந்திக்கும் மராட்டிக்கும் எழுத்து ஒன்றுதான் என்பது, மராட்டியில் படித்த எனக்கே அப்போது தோன்றவில்லை.

நிலை வைக்கும் நாள் வந்தது. நம் பக்கத்தில் வாசல் நிலைக்கு அடியில் பொட்டுத் தங்கம் வைத்துத்தானே நிறுத்துவார்கள். அம்மாவின் கழுத்தில் தாலிக்குண்டு தவிர வேறு தங்கமில்லை. எனக்குக் காது குத்தியபோது மாமா மடியில் உட்காரவைத்துப் போட்ட குட்டி வளையம் ஒரு ஜோடி இருந்தது. அதில் ஒன்றை வைப்பதாக அம்மா சொன்னாள். "உன் வளையம் கீழ இருந்தா வீடு உன்னுதுதானே?" என்று என்னைச் சம்மதிக்கவைத்தாள். வீட்டிலேயே மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துவந்தாள்.

"ஒரு தடவ காட்டும்மா."

"முடிஞ்சத அவுக்கக் கூடாது."

ஆசாரி நிலைக்கு மஞ்சள் பூசினார். அத்தை மாவிலை கட்டினாள். கொத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நாங்க ஒரு தேங்காயோட முடிச்சுக்குவோம். இந்த மதராஸிங்க தங்கத்தையே புதைக்கிறாங்க. எல்லாரும் போனதும் நான் வந்து தோண்டிக்கிறேன்" என்று மராட்டியில் சொன்னார். அவர் மனைவி சிரித்தாள், அம்மா சிரித்தாள். "நல்ல வழக்கம்னு சொல்றார்" என்றேன் நான். அப்பாவும் சிரித்தார்.

அம்மா குனிந்து குழியில் துணியை வைத்தாள். ஆண்கள் நாலு பேரும் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். கற்பூரம் காட்டியதும் அப்பா அந்த மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அழுகிறார் என்று தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது. 'அப்பா, இது நம்ம வீடில்லப்பா.' நாலே வார்த்தை. சொல்ல வாயெடுத்தேன். மாமா என்னைப் பார்த்தார், நான் நாயைப் பார்த்தேன்.

அப்புறம் எல்லாம் வேகம். மே கடைசியில் மேகம் கூட ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் ஓடு போட்டாக வேண்டும், இல்லையென்றால் பூசிய சுவரெல்லாம் வீண். மாமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, ஓட்டுக்காரன் ரொக்கம் கேக்கறான். நூறு ரூபா குறையுது."

"எங்கிட்ட ஒரு பைசா இல்ல மச்சான்."

"பாப்பா டப்பா கீதே. ஜூன் பத்துக்குள்ள திருப்பி வெச்சுடறேன். ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்ன. பாப்பாவுக்கு நான் வாக்கு குடுத்துக்கீறேன், கேட்டுப் பாரு."

அப்பா மாட்டேன் என்றுதான் சொன்னார். நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன், மாட்டேன் என்று இரண்டு தடவை. எழுந்துபோய் முக்காலியைப் போட்டு டப்பாவை இறக்கியவள் அம்மா. மாமா கையில் கொடுத்து, "எண்ணிக்கோண்ணா" என்றாள். எண்பத்தேழு.

ஓடு போட்டார்கள். கடைசி நாள் அப்பா பனியனோடு வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பம்பாய்க்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். மாமா புதுச் சட்டையில் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொடுத்தார். அந்தம்மா நிலையைத் தடவிப் பார்த்து, சுவரைப் பார்த்து, ரொம்ப அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று மராட்டியில் சொன்னாள். பிறகு பையைத் திறந்து அப்பாவின் கையில் ஒரு ஐந்து ரூபாய் நோட்டை வைத்தாள். நல்ல வேலைக்காரருக்கு இனாம்.

அப்பா என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றாங்க?"

எனக்கு மொழிபெயர்க்க வரவில்லை. அவருக்கும் அதற்குமேல் தேவைப்படவில்லை. அந்தச் சாவிக்கொத்து காருக்குள் போவதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்த துணியைப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் காயப்போட்டார், சட்டையை மாட்டிக்கொண்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து அந்த ஐந்து ரூபாயைப் போட்டார். "உன் ஸ்கூலுக்கு" என்றார்.

ஜூன் பத்து வந்தது, போனது. நம் வரிசைப் பிள்ளைகள் பாவாடை மடிப்புக் கலையாமல் ஹைஸ்கூலுக்கு நடந்து போனதைப் பார்த்தேன். உங்களில் இரண்டு மூன்று பேர் அதில் இருந்தீர்கள். "நீ வரலியா?" என்று கேட்டீர்கள். அடுத்த வருஷம் என்று சொன்னேன். அந்த மழைக்காலத்திலேயே மிலிட்டரிச் சட்டைக்குக் காஜா எடுக்கும் இடத்தில் சேர்ந்தேன். பொத்தான் ஓட்டையைச் சுற்றி நூல் போடுகிற வேலை. கல்யாணம்வரை அதுதான்.

அப்பா மாமாவோடு ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு ஏதோ விசேஷத்தில் பேசவைத்தார்கள். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் தட்டு ஒன்பது வந்தது. அப்பாதான் வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். அவர் போய் இருபது வருஷமாகிறது. எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் அப்பா அந்த நெற்றியை அங்கே முட்டியிருக்க மாட்டாரே என்று, என்னை நானே தின்றுகொண்டிருந்தேன்.

போன வருஷம் அம்மா போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், அந்த ஹிந்திச் சர்டிபிகேட்டுக்குக் கீழே ஒரு தீப்பெட்டி. அதில் மஞ்சள் துணி கிழிசல் சுற்றி என் காது வளையம். ஒன்று இல்லை, இரண்டு.

ஒன்று நிலைக்குக் கீழே போனதை நான் கண்ணால் பார்த்தேன். இல்லை, துணியைத்தான் பார்த்தேன். அம்மா அதில் கூழாங்கல்லை முடிந்தாளோ, செல்லாக்காசை முடிந்தாளோ. பித்தளை டம்ளர் நினைவுக்கு வந்தது. கொத்தனார் கேலி பேசியபோது அம்மா சிரித்தது நினைவுக்கு வந்தது. அவள் சிரித்தது நான் சொல்வதற்கு முன்னாலேயே. அம்மா அந்தக் காகிதத்தைப் படித்திருக்கிறாள். இன்னொருவன் வீட்டு வாசலில் தங்கம் புதைக்க மனசு வரவில்லை, வளையத்தைக் காப்பாற்றிவிட்டாள். அண்ணனைக் காட்டிக்கொடுத்தால் தனக்குப் பிறந்த வீடு இல்லை, எனக்குத் தாய்மாமன் இல்லை என்று பயந்திருப்பாள். அந்தப் பயம்கூட எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு முக்காலி போட்டு டப்பாவை இறக்கினாளே. தெரிந்தே இறக்கினாளே. ஐம்பது வருஷம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தபோது ஓமத் தண்ணீர்தானே கொடுத்தாள்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு மாமாவைப் பார்க்கப் போனேன். மகர்பட்டாவில் மகன் வீட்டில் பதினோராவது மாடியில் இருக்கிறார். பேரன் கதவைத் திறந்து, "தாத்தா, ஒரு ஆன்ட்டி வந்திருக்கு" என்றான். மாமா பால்கனியில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டியை அவர் கையில் வைத்தேன்.

"உங்க சீர் மாமா. காது குத்துக்குப் போட்டது."

நடுங்குகிற விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல தங்கம். அப்பல்லாம் ஏமாத்து வேலை கெடையாது" என்றார். பிறகு எண்ணினார். "ரெண்டும் கீதே. ஒண்ணு அந்த நிலைக்குக் கீழ வெச்சோமே?"

"அம்மா வைக்கல."

மறுபடி எண்ணினார். கீழே நீச்சல்குளத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்கு." அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே, பாப்பா. சாகறவரைக்கும் எனக்கு ராக்கி கட்னாளே. கூடப் பொறந்தவன்கிட்ட இப்டியா மறைப்பா?"

அவர் அழுதார். நான் என்ன செய்வது, தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, "மாமா, ஓடு வாங்க என் டப்பாப் பணம் எடுத்தீங்களே, ஜூன் பத்துக்குள்ள தர்றேன்னு?" என்று கேட்டேன்.

"எந்த டப்பா?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

வளையங்களை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். லிப்டில் இறங்கும்போது மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். வட்டி சேர்க்கவில்லை, அது எனக்குப் போடத் தெரியாது, அதெல்லாம் எட்டாவதில் சொல்லிக்கொடுப்பார்களாம். எண்பத்தேழில் அப்பா போட்ட இனாம் ஐந்து போக, எனக்கு வரவேண்டிய பாக்கி எண்பத்திரண்டு ரூபாய்.